வண்டிச் சாப்பாடு சுத்தமாக இருக்குமா?

கேள்வி: மகன் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் செல்கிறோம். அங்கே நாட்டுக்கு ஒரு வகையாக உணவு வண்டிகள் தெருவெங்கும் நிற்கும் என்கிறான். அவை சுத்தமாக இருக்குமா? சிறந்த பத்து வண்டிகளின் பட்டியல் ஒன்று தர முடியுமா?

பதில்: பட்டியலைப் பிறகு பார்ப்போம். ‘சுத்தமாக’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. நீங்கள் கவலையோடு கேட்கிறீர்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்த ஊரில் இந்த வண்டிகளை வேண்டாதவர்கள் நெடுங்காலமாக அவற்றின் மேல் வீசிவந்த சொல்லும் அதுதான். தொழிற்சாலை வாசலிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் கூலிக்காரர்களின் பசியாற்றிய வண்டிகளுக்கு அமெரிக்கர்கள் ‘கரப்பான் வண்டி’ என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். வண்டிக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவர் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தப் பெயர் கரப்பானைப் பற்றியது மட்டுமல்ல என்பது விளங்கும்.

நிலவரத்தைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் சமைத்து விற்கும் வண்டிக்குள் பாத்திரம் கழுவ மூன்று தொட்டிகள், கை கழுவத் தனியாக ஒன்று, வெந்நீர் வசதி எல்லாம் இருந்தாக வேண்டும். வியாபாரம் முடிந்ததும் வண்டி ‘கமிசரி’ எனப்படும் அங்கீகாரம் பெற்ற கொட்டகைக்குத் திரும்பி, கழிவுநீரை இறக்கி, கழுவித் துடைக்கப்பட வேண்டும். ஓரிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால், பணியாளர்களுக்கு 200 அடிக்குள் ஒரு கழிப்பறை இருக்க வேண்டும் என்பதுகூடச் சட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) 1998 முதல் உணவகங்களின் முகப்பில் ஏ, பி, சி என்று தர அட்டை மாட்டுகிறார்கள். 2010இல் அதை வண்டிகளுக்கும் கொண்டுவர முடிவெடுத்தார்கள். 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றால் ஏ. அந்த அட்டையைப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். வரிசை நகரும்போது உள்ளேயும் பாருங்கள்: காசு வாங்கும் கை வேறாகவும் உணவைத் தொடும் கை வேறாகவும் இருக்கிறதா, நறுக்கிய வெங்காயம் குளிர்ச்சியில் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சன்னல் வழியே தெரியும். விலை உயர்ந்த உணவகத்தில் சமையற்கட்டு உங்கள் கண்ணுக்கே எட்டாது.

நடைபாதையில் கூடாரம் போட்டுச் சுடுபவர்கள் வேறு வகை. அவர்களில் பலரிடம் சுகாதார உரிமம் இல்லாததற்குக் காரணம் அழுக்கு மட்டுமன்று. பெரிய வண்டியை மனத்தில் வைத்து எழுதிய விதிகளை ஒரு சிறு தள்ளுவண்டியால் நிறைவேற்ற முடியவில்லை. தொட்டிகளையும் தண்ணீர்க் கலங்களையும் ஏற்றினால் அடுப்புக்கு இடமிருக்காது. 2018இல் வந்த மாநிலச் சட்டம் நடைபாதை வியாபாரத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2022இல் வந்த இன்னொரு சட்டம் சுகாதார விதிகளைத் தள்ளுவண்டியின் அளவுக்கு ஓரளவு தளர்த்தியது.

என்னை இன்றுவரை கொதிக்க வைப்பது 2008ஆம் ஆண்டு நடந்தது. சில உணவக உரிமையாளர்கள் போட்டி தாங்கவில்லை என்று முறையிட்டதும், லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம், தன் நேரடி ஆளுகையில் இருந்த பகுதிகளில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டிக்காரருக்கு 1,000 டாலர் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்று சட்டம் போட்டது. சுட்ட இறைச்சியை மடித்துக் கொடுப்பவர் ஒரு மணி நேரம் நின்றதற்காகச் சிறை! ‘கார்னே அசாதா (சுட்ட மாட்டிறைச்சி) குற்றமன்று’ என்று ஊர் மக்கள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அதே ஆண்டிலேயே நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது.

நியூயார்க்கில் கதை வேறு. அங்கே 1983இல் உணவு விற்பனை உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்டிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 200 டாலர் கட்டணமுள்ள உரிமம், கள்ளச் சந்தையில் 20,000 டாலருக்கும் மேல் கைமாறியது. அந்த நெருக்கடிக்குள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற தமிழர் ஒருவர் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா ஓரம் தோசை வண்டி போட்டு, 2007இல் அந்நகரத் தெரு விற்பனையாளர்களுக்கான விருதையும் வென்றார். மகன் உங்களை நியூயார்க்குக்கும் அழைத்துப்போனால் மறக்காமல் அங்கே போய்ச் சாப்பிடுங்கள்.

இந்த வண்டிகளில் இத்தனை நாடுகளின் உணவு எப்படி வந்தது என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது. கடை வாடகைக்கு வழியில்லாதவர் முதலில் வாங்குவது வண்டி. 1974இல் ராவுல் மார்ட்டினெஸ் என்பவர் ஒரு ஐஸ்கிரீம் வண்டியை, மெல்லிய ரொட்டியில் இறைச்சி வைத்து மடித்துத் தரும் டாக்கோ வண்டியாக மாற்றிக் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் மதுக்கடை ஒன்றின் எதிரில் நிறுத்தினார். அது விரைவிலேயே ‘கிங் டாக்கோ’ என்ற உணவகமாயிற்று. எல் சால்வடாரின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி 1980களில் ஓடிவந்தவர்களோடு, நம் போளியைப் போல உள்ளே பூரணம் வைத்துத் தட்டும் புபூசாவும் வந்து சேர்ந்தது. 2008 நவம்பரில் ராய் சாய் முதலானோர் தொடங்கிய ‘கோகி’ வண்டி, கொரியக் கல்பி இறைச்சியை மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவில் வைத்துக் கொடுத்து, நிற்கும் இடத்தை ட்விட்டரில் அறிவித்துப் பெருங்கூட்டம் சேர்த்தது. அதன் பிறகுதான் வசதியுள்ளோர் வண்டிகளைத் தேடி வரத் தொடங்கினார்கள். ‘கரப்பான் வண்டி’க்கு அப்போது ‘நவீன உணவு வண்டி’ என்று புதுப் பெயர் கிடைத்தது. கோகியின் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவில் நின்றவர்களைத் தவிர்த்துவிட்டு வரலாறு எழுதுகிறவர்கள் மேல் குறை உண்டு.

‘சிறந்த பத்து’ப் பட்டியல்களோடு எனக்குள்ள பகை இப்பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுத, பத்துப் பேர் அதையே படித்துவிட்டு ஒரே வண்டியின் முன் நிற்பார்கள். ஒரு தெரு தள்ளி நிற்கும் நல்ல கைக்காரர் ஈ ஓட்டுவார். ஆகவே பத்து தரமாட்டேன், இரண்டு சொல்கிறேன்.

மாலை ஏறியதும் லா பிரேயா, வெனிஸ் சாலைகள் சந்திக்கும் இடத்தில் உள்ள பெட்ரோல் நிலையத்துக்குப் போங்கள். ‘லியோஸ் டாக்கோஸ்’ வண்டியின் அருகே, மிளகாயும் அச்சியோட்டே என்ற சிவப்பு விதையும் ஊறிச் சிவந்த பன்றி இறைச்சி, நெட்டுக்குத்தான கம்பியில் அடுக்காகச் சுழன்று வெந்துகொண்டிருக்கும். நீண்ட கத்தியால் மேற்பரப்பை மெல்லிசாகச் சீவிச் சோள டோர்ட்டியாவில் விழவைப்பவர், உச்சியில் செருகிய அன்னாசியிலிருந்தும் ஒரு துண்டைச் சுண்டி, டோர்ட்டியா ஏந்திய கையாலேயே பிடிப்பார். இதன் பெயர் அல் பாஸ்டோர். மெக்சிகோவில் குடியேறிய லெபனான்காரர்கள் கொண்டுவந்த கம்பிச் சமையல், ஆட்டிறைச்சி பன்றியாகி, ரொட்டி சோளமாகி, இந்தத் தெருமுனை வரை வந்திருக்கிறது.

இன்னொன்று பகல் வண்டி: பாய்ல் ஹைட்ஸ் பகுதியில் ஒலிம்பிக் சாலையில் நிற்கும் ‘மரிஸ்கோஸ் ஹாலிஸ்கோ’. இறாலை டோர்ட்டியாவுக்குள் வைத்து மடித்து எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, மேலே தக்காளிச் சாறும் வெண்ணெய்ப் பழத் துண்டும் வைத்துத் தருவார்கள். ஆறவிடாமல் நின்றபடியே சாப்பிடுங்கள். வீட்டில் சைவம் சாப்பிடுவோர் இருந்தால், பாலாடைக்கட்டி வைத்த புபூசாவைக் கேட்கட்டும். புபூசாவில் வைக்கும் மசித்த பயறில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு என்பதால் அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டிகளிலும் வங்கி அட்டை செல்லும் என்று சொல்ல முடியாது, கையில் சில்லறை நோட்டு இருக்கட்டும். ஒரே வண்டியில் வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல் ஒன்றிரண்டோடு நகர்ந்தால், அடுத்த தெருவில் நிற்பவருக்கும் உங்கள் வயிற்றில் இடமிருக்கும்.