முனை ஒடிகிறதா? நுனியிலிருந்து கடையுங்கள்

கடைசல் எந்திரத்தில் மரத்தைச் சுழற்றிக் கடையும் பறவைக்கூடு அலங்காரத்தின் அடியில் தொங்கும் நீள முனை, வேலை முடியும் தறுவாயில் மூன்று முறையும் நடுவில் ஒடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முழு நீளத்தையும் மெலிதாக்கிய பிறகே நுனிக்கு வடிவம் கொடுப்பதாகவும் சொல்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். அந்த நேரத்தில் நுனியைத் தாங்கப் பின்னால் பருமன் இல்லை. கட்டை அதிர்கிறது, உளி கடித்துவிடுகிறது.

வரிசையை மாற்றுங்கள். நுனியில் தொடங்கி, கட்டையைப் பிடித்திருக்கும் ‘சக்’ (chuck) பக்கமாக வாருங்கள். முதல் 2 செ.மீ. நீளத்தை 3 மி.மீ. தடிமனுக்குக் கடைந்து, உப்புத்தாளும் போட்டு முழுதாக முடித்துவிடுங்கள். பிறகு அடுத்த 2 செ.மீ. முடித்த இடத்துக்கு உளி திரும்பவே கூடாது. இன்னும் சற்று மெலிதாக்கலாமே என்ற ஆசை வரும். நான் இழந்த முனைகளில் பெரும்பாலானவை அந்த ஆசையால் போனவைதான்.

கட்டையின் மறுமுனையை அழுத்தித் தாங்கும் டெயில்ஸ்டாக்கை இறுக்கினால் மெல்லிய கட்டை வில்லாக வளையும். கட்டையை உருளையாகக் கடைந்த பிறகு டெயில்ஸ்டாக்கை விலக்கிவிட்டு, பின்புறம் விரலால் லேசாக அணை கொடுங்கள். உளி அப்போதுதான் தீட்டியதாக இருக்கட்டும்.

கட்டையையும் பாருங்கள். இழை நீளவாட்டில் நேராக ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்து ஓடினால் எந்தக் கைத்திறனும் காப்பாற்றாது.

கூட்டின் உட்புறத்தைக் குடைவதற்கு முன்பே வாசல் துளையைப் போட்டுவிடுங்கள், உள்விளிம்பு சிலும்பாது.