வெள்ளத்தில் அழிந்தது என் நெல், பயிர்க் காப்பீட்டுப் பணம் பக்கத்து ஊருக்கு. இது எப்படி?

எங்கள் வீட்டிலும் சில வருஷம் முன்பு இதே கேள்விதான். திருவாரூர் பக்கம், பள்ளத்து வயல், மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். சம்பா பூக்கிற நேரத்தில் மழை பிடித்து, வடிகால் நிரம்பி, நாலைந்து நாள் தண்ணீர் நின்றது. அறுத்தால் பாதிக்கு மேல் பதர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரருக்குப் பணம் ஏறியது. எங்களுக்கு ஒரு ரூபாய் இல்லை. வாய்க்கால் தாண்டினால் வேறு வருவாய் கிராமம். காரணம் அதுதான்.

2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மகசூல் இழப்பைப் பார்ப்பது வயலுக்கு அல்ல, ஊருக்கு, அதாவது முழு வருவாய் கிராமத்துக்கு. நெல் மாதிரி முக்கியப் பயிர் என்றால் ஊரில் நான்கு இடத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி எடை போடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து உத்தரவாத மகசூல் என்று ஓர் அளவு இருக்கும். அது ஏக்கருக்கு 1,000 கிலோ, இந்த வருஷம் ஊர் சராசரி 800 என்று வைத்துக்கொள்வோம். குறைவு 20 சதவீதம், அதனால் ஊரில் பதிவு செய்த எல்லோருக்கும் காப்பீட்டுத் தொகையில் (பயிர் முழுசாகப் போனால் கிடைக்கும் தொகையில்) 20 சதவீதம். இந்தக் கணக்கில் உங்கள் வயலில் ஒரு மணி விளையாவிட்டாலும் அதே 20தான். சராசரி 1,000ஐத் தொட்டுவிட்டால் பூஜ்யம்.

வயல் வயலாக ஆள் அனுப்பி மதிப்பிட்டால் கட்டுப்படியாகாது என்றுதான் பொருளாதார அறிஞர் வி. எம். தாண்டேகர் 1970களில் இந்த வட்டார முறைக்காக வாதாடினார். சரி, நியாயமான காரணம்தான். ஆனால் ஓர் ஊருக்குள்ளேயே மேடும் பள்ளமும் இருக்கிறதே? எங்கள் ஊரில் மேட்டு நிலம் யாரிடம், பள்ளம் யாரிடம் என்று தெருப் பெயரை வைத்தே சொல்லிவிடலாம். மேட்டில் விளைந்த நெல், பள்ளத்து நட்டத்தைச் சராசரியில் கரைத்துவிடுகிறது.

குத்தகைக்காரர் பாடு இன்னும் மோசம். காப்பீட்டில் பதிவு செய்ய, சாகுபடி செய்கிறவர் பெயரில் விஏஓ அடங்கல் (இந்த நிலத்தில் இவர் இந்தப் பயிர் செய்கிறார் என்ற சான்று) தர வேண்டும். குத்தகை வாய்ப்பேச்சாக இருந்தால் நிலக்காரர் அதற்குச் சம்மதிப்பாரா?

சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகளுடையது. 2020இல் மத்திய அரசு தன் பங்குக்கு வரம்பு வைத்துவிட்டதால், பிரீமிய விகிதம் அதற்கு மேல் போனால் சுமை மாநிலத்தின் தலையில்.

இப்போதெல்லாம் அறுவடைப் பரிசோதனைக்கு எந்த சர்வே எண் விழுந்திருக்கிறது என்று அப்பா முதலிலேயே விசாரித்துவிடுவார். அன்றைக்குக் காலையில் டீகூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், எடை போட்டு முடிக்கும்வரை வரப்பிலேயே நிற்பார்.