ஃபில்மான்ட் மலைப் பயணத்துக்கு, பட்டியலில் இல்லாத எதையெல்லாம் மகன் எடுத்துச் செல்லலாம்?

உங்கள் பதினான்கு வயது மகன் சாரணர் குழுவுடன் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஃபில்மான்ட் என்ற சாரணர் முகாமின் மலைகளில் 12 நாள் நடக்கப் போகிறான் என்றும், கட்டாயப் பட்டியலுக்கு மேல் வசதிக்காக எதைக் கொடுத்தனுப்பலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் மகனின் குழுவுக்குத் துணையாக அதே பாதைகளில் நடந்தவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: தேர்வை அவனிடமே விடுங்கள், ஆனால் ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகே அவன் பையில் வைக்கட்டும்.

முழுப் பையின் எடை உடல் எடையில் கால் பங்கை ஒட்டி இருப்பது நல்லது. 50 கிலோ எடையுள்ள பையனுக்கு அது பன்னிரண்டரைக் கிலோ. லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் தண்ணீரும், கூடாரத்தில் அவன் பங்கும், குழுவின் பாத்திரங்களும், மூன்று நான்கு நாள் உணவும் சேர்ந்தபின் சொந்த விருப்பத்துக்கு மிஞ்சுவது சில நூறு கிராம்தான்.

என் மகன் முதலில் ஆசைப்பட்டது மடக்கு நாற்காலிக்கு. அவற்றில் மிக இலேசானவையே ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். பயிற்சி நடை ஒன்றில் நாள் முழுவதும் அதைச் சுமந்து பார்த்தவன், வீடு திரும்பியதும் தானாகவே அதை எடுத்து வைத்துவிட்டு, ஈரத் தரையில் உட்கார உதவும் சிறிய நுரைப் பாய்த் துண்டு ஒன்றைப் பையில் செருகிக்கொண்டான். நான் சொல்லியிருந்தால் மனக்குறையோடுதான் விட்டிருப்பான்.

காற்றடைத்த தலையணையை மட்டும் நான் வலியுறுத்துவேன். மேலங்கியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் உயரமான முகாம்களில் இரவுக் குளிர் கடுமையாகும்போது அந்த மேலங்கியை உடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும், தலைக்கு ஒன்றும் இராது. நூறு கிராமுக்கும் குறைவான பொருள் நல்ல தூக்கத்தைத் தருமென்றால் அந்தச் சுமை தகும். ஜூலையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும் என்பதால் சீட்டுக்கட்டும் பயன்படும். குழுவுக்கு ஒன்று போதும், மற்றப் பையன்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலர் உணவு ஐந்தாம் நாளில் சலித்துவிடும். ஊறுகாய் எண்ணெய் கசியும், ஆகவே வேண்டாம். ஐம்பது கிராம் பருப்புப் பொடியை இரட்டை ஜிப் உறையில் கொடுத்தனுப்பினேன், எங்கள் குழுவில் எல்லோருமே அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆனால் அங்கே கரடிகள் உண்டு. பற்பசை, உதட்டுக் களிம்பு, மிட்டாய் என வாசனையுள்ள அனைத்தையும் இரவுக்கு முன் ஒரே பையில் சேர்த்து உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பொடியும் அதில் சேர வேண்டும் என்பதை அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள். கூடாரத்துக்குள் மறந்துவிட்ட ஒரு மிட்டாய்கூட ஆபத்தானது.