மும்பை ஃபோர்ட்டில் கோட்டை எங்கே இருக்கிறது?

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா வட்டக்கோட்டை, தரங்கம்பாடி எல்லாம் பார்த்தவர். "ஆபீஸ் ஃபோர்ட்டில், ஃபோர்ட்டில் என்கிறாயே, அந்தக் கோட்டையை ஒருநாள் காட்டு" என்கிறார். எனக்கே அது எங்கே என்று தெரியாது. அம்மாவுக்கு மூட்டு வலி. ஒரே நாளில் பார்க்க முடியுமா? எலிஃபண்டா தீவுக் குகைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஃபோர்ட் என்பது இன்று தென் மும்பையில் ஒரு பகுதியின் பெயர்தான், மதில் இல்லை. 1862-இல் கவர்னராக வந்த பார்ட்டில் ஃபிரேர் இடிக்கச் சொல்லிவிட்டார். 1818-இல் மராத்தியரின் பேஷ்வா ஆட்சி முடிந்த பிறகு தரைவழியாகப் படையெடுத்து வர ஆள் இல்லை. ஊருக்குள்ளோ மூச்சுவிட இடமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய்ப் பருத்திக்கு விலை ஏறி, பணம் கொட்டிய நேரம் அது. காலியான இடத்தில் பெரிய கட்டடங்கள் எழும்பின.

அதற்கு முன் சுமார் 150 ஆண்டுகள் இது மதில் சூழ்ந்த கடற்கரை ஊராகத்தான் இருந்தது. 1661 திருமண ஒப்பந்தத்தில் போர்ச்சுகீசியர் இங்கிலாந்து அரசருக்குச் சீதனமாகக் கொடுத்த பம்பாயை, 1668-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. 1715-இல் கவர்னரான சார்லஸ் பூன் காலத்தில் மதில் எழுந்தது. அப்பல்லோ கேட், சர்ச் கேட், பஜார் கேட் என்று மூன்று வாசல்கள். சர்ச்கேட் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். ஆனால் வாசல் இருந்தது அங்கே இல்லை, கிழக்கே ஃப்ளோரா ஃபவுண்டன் நீரூற்று நிற்கும் இடத்தில்.

சனிக்கிழமை போங்கள். ஞாயிறு ஃபோர்ட் வெறிச்சோடிக் கிடக்கும், நடக்கச் சுகம். ஆனால் ஹார்பர் ரயில் லைனில் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயில் நிறுத்தம், வந்தால் அம்மாவை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும். காலை நெரிசல் தணிந்த பிறகு செம்பூரில் ஏறினால் நேராக சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்).

இறங்கியதும் பி.டிமெல்லோ ரோடு பக்கம் வெளியே வாருங்கள். செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியை ஒட்டிக் கருங்கல் சுவர் ஒன்று நிற்கும். 1769-இல் மதிலோடு கூடுதலாகக் கட்டிய ஜார்ஜ் கோட்டையில் மிஞ்சிய துண்டு அது. இப்போது அரசின் தொல்லியல் துறை அலுவலகம் அங்கே இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தாலே போதும். லாரியும் ஹாரனுமாகத்தான் இருக்கும். இருந்தாலும் 'கோட்டையைக் காட்டு' என்ற அப்பாவுக்கு இங்கே காட்ட இருப்பது இவ்வளவுதான், விட்டுவிடாதீர்கள்.

அங்கிருந்து டாக்ஸியில் ஹார்னிமன் சர்க்கிள். கிட்டத்தில் என்றால் டிரைவர்கள் முகம் சுளிப்பார்கள், இரண்டு மூன்று பேரைக் கேட்டுப் பாருங்கள். நாளின் பெரும்பகுதியை இங்கே வையுங்கள். முதலில் செயின்ட் தாமஸ் கதீட்ரல். 1718-இல் வழிபாட்டுக்குத் திறந்தது. சர்ச் கேட்டில் உள்ள 'சர்ச்' இதுதான். உள்ளே மின்விசிறியும் பெஞ்சும் உண்டு, அம்மா ஆற அமர உட்காரலாம். சுவர் முழுக்கப் பளிங்கு நினைவுச் சின்னங்கள். கவர்னர் ஜொனாதன் டங்கனுடையதைத் தேடிப் பாருங்கள். 1811-இல் இறந்தவர். இரண்டு குழந்தைகள் ஒரு சுருளைப் பிடித்திருக்கும். பனாரஸிலும் குஜராத்தின் கத்தியவாரிலும் சிசுக்கொலை ஒழிக்கப்பட்டது என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சாவுக் கல்வெட்டில் இப்படியொரு வரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கம் 1833-இல் முடிந்த டவுன்ஹால், இப்போதைய ஏஷியாட்டிக் நூலகம். முப்பது படி. அம்மா நடுவிலுள்ள தோட்டத்தில் இருக்கட்டும், அப்பா ஏறிப் பார்க்கட்டும். அதன் பின்னால் கடற்படை வளாகம். பழைய பம்பாய் காஸில் அதற்குள்தான் இருக்கிறது, நமக்கு அனுமதி கிடையாது. கேமராவை அந்தப் பக்கம் நீட்ட வேண்டாம். 'கடற்கரைக் கோட்டை என்றாயே, கடல் எங்கே' என்று அப்பா நிச்சயம் கேட்பார். கிழக்கே துறைமுகத்துக்காகத் தூர்த்துத் தூர்த்துக் கடலைத் தள்ளிவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

வீர் நரிமன் ரோட்டில் மெல்ல நடந்தால் ஃப்ளோரா ஃபவுண்டன். சாப்பாட்டுக்கு இந்தச் சுற்றில் உடுப்பி ஹோட்டல்கள் தாராளம். அப்பாவுக்கு இரானி சாயும் பன் மஸ்காவும் வாங்கிக் கொடுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் ஓவல் மைதானம். என்னைக் கேட்டால் கோட்டையின் மிச்சம் சுவரைவிட இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. பீரங்கிக் குண்டுக்கு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது என்று மதிலுக்கு வெளியே விட்டுவைத்த வெட்டவெளியில் மீந்ததுதான் ஓவல், கிராஸ், ஆசாத் மைதானங்கள். இன்று பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நடுவில் நின்று கிழக்கே பார்த்தால் 1878-இல் முடிந்த ராஜாபாய் மணிக்கூண்டும் ஹைகோர்ட்டும். மேற்கே திரும்பினால் 1930-களின் ஆர்ட் டெக்கோ பாணிக் குடியிருப்புகள், வளைந்த பால்கனிகளோடு. இந்த இரண்டு வரிசையையும் சேர்த்துத்தான் 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிறகு கேட்வே ஆஃப் இந்தியா, நிழல் கிடையாது, சாயங்காலம் போனால் போதும். அது 1924-இல் திறந்தது, மதிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எலிஃபண்டாவை இதோடு சேர்க்காதீர்கள். கேட்வேயிலிருந்து படகில் போகவே சுமார் ஒரு மணி நேரம், இறங்கிய பிறகு நூற்றுக்கும் மேல் படிகள். டோலி கிடைக்கும். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், மழைக்காலத்தில் படகை நம்ப முடியாது. லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்னொரு நாள் கையில் இருந்தால், எலிஃபண்டாவைவிட மும்பைக்கு வடக்கே உள்ள வசாய் கோட்டைக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். அப்பா கேட்பது அங்கே அப்படியே இருக்கிறது: மதில், கடல்வாசல், உள்ளே கூரை போன தேவாலயங்கள், மேலே படர்ந்த ஆலம் விழுதுகள். போர்ச்சுகீசியர் கட்டிய ஊர். 1739-இல் மராத்தியத் தளபதி சிமாஜி அப்பா படையோடு வந்து பிடித்தார். அந்தச் செய்தி கேட்டு வெலவெலத்துப் போய்த்தான் பம்பாய் வியாபாரிகள் தங்கள் பணத்தையும் போட்டு ஃபோர்ட்டைச் சுற்றி அகழி வெட்ட வைத்தார்கள்.

தாதரில் காலையில் விரார் வண்டி ஏறினால் கூட்டத்துக்கு எதிர்த்திசை, உட்கார இடம் கிடைக்கும். மூன்று, நான்கு மணிக்குள் திரும்பிவிடுங்கள். வசாய் ரோடு ஸ்டேஷனின் மேற்குப் பக்கம் ஆட்டோ பிடித்து 'கில்லா' (கோட்டை) என்றால் தெரியும். கோட்டைக்குள்ளேயே சாலை போய்ப் படகுத்துறையில் முடிகிறது. அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. உள்ளே கடை எதையும் நம்பாமல் தண்ணீரும் தயிர்சாதமும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லி முன்கூட்டியே ரேட் பேசிவிடுங்கள்.