கிளாடா மோதிரம்: எந்தக் கை, எந்தப் பக்கம்?

தோழி தந்த கிளாடா மோதிரத்தை, அதாவது இரண்டு கைகள் கிரீடம் வைத்த இதயத்தை ஏந்தியிருக்கும் ஐரிஷ் மோதிரத்தை, எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வலது கையில், இதயத்தின் கூர்முனை நகத்தைப் பார்க்கும்படி போடுங்கள். இன்னும் யாரோடும் இல்லை என்று அர்த்தம்.

டப்ளின் ஆபீஸில் எல்லாரும் “நிச்சயம் ஆகிவிட்டதா?” என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அனேகமாக இடது கையில் அதே வாக்கில் போட்டிருப்பீர்கள். அயர்லாந்தில் அது நிச்சயமானவர்கள் போடும் முறை. அதே இடது கையில் முனை மணிக்கட்டைப் பார்த்தால் கல்யாணமே ஆகிவிட்டது!

விரல்களை மேலே நீட்டிப் பாருங்கள்: கிரீடம் கீழே, இதயம் தலைகீழாகத் தெரிந்தால் சரி. முதலில் கொஞ்சம் உறுத்தும்.

தோழி தந்ததில் தப்பர்த்தம் தேட வேண்டாம். கைகள் நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம். அயர்லாந்தின் கால்வே நகரத்தை ஒட்டியிருந்த பழைய மீனவக் கிராமத்தின் பெயர்தான் இந்த மோதிரத்துக்கு. அம்மா மகளுக்குத் தருவதும் அங்கே வழக்கம்.

ஒன்று, இந்தக் கணக்கை எல்லா ஐரிஷ்காரர்களும் பார்ப்பதில்லை. மோதிரம் வலது விரலில் ஏறாவிட்டால் இடதிலேயே இருக்கட்டும்.