மேக்ரோ லென்ஸ் இருந்தும் பூச்சிப் படங்கள் மங்கலாக வருவது ஏன்?

சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கிய பிறகும் தோட்டத்துப் பூச்சிகள் மங்கலாகவே விழுகின்றன, இதைவிட நல்ல லென்ஸ் வாங்கவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு ஃபிளாஷ் வாங்குங்கள். அது ஏற்கெனவே இருந்தால் செலவே இல்லை, முன்னால் மாட்ட, வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் ஒரு டிஃப்யூசர் செய்துகொண்டால் போதும்.

நானும் ஒன்றரை வருஷம் லென்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 1:1 உருப்பெருக்கம் என்றால் ஒரு செ.மீ. வண்டு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலும் ஒரு செ.மீ. நீளத்துக்கு விழும். அந்த நெருக்கத்தில், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் லென்ஸ் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கினாலும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்) தெளிவு விழும் ஆழம் ஒரு மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஈயின் கண் தெளிந்தால் இறக்கை கரைந்துவிடும். சரி, துளையை இன்னும் சுருக்குவோம் என்று எஃப் 22க்குப் போனேன். ஆழம் கூடியது, ஆனால் படம் முழுக்க மெல்லிய திரை போட்டதுபோல் ஆகிவிட்டது. 1:1இல் எஃப் 22 நடைமுறையில் எஃப் 44 போல வேலை செய்யும். அத்தனை சின்னத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து சிதறிவிடும்; பள்ளியில் படித்த அதே விளிம்பு விளைவுதான். இது தெரியாமல் லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுக்கக் கிளம்பியவன் நான். இப்போது எஃப் 11ஐத் தாண்டுவதே இல்லை.

துளை சுருங்கினால் வெளிச்சம் போதாது, ஷட்டரைத் தாமதப்படுத்தினால் கையும் செடியும் ஆடும். இங்கேதான் ஃபிளாஷ் காப்பாற்றுகிறது. முழுச் சக்தியில் 1/16 பங்கு போன்ற குறைந்த அளவில் அது மின்னும் நேரம் நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் எதுவும் பெரிதாக அசைய முடியாது. ஆனால் வெறும் ஃபிளாஷ் வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிடும். பொறிவண்டு என்றால் கேட்கவே வேண்டாம், கண்ணாடி மாதிரி மின்னும். அதனால் வெள்ளைத் தாளோ பால் நிறப் பிளாஸ்டிக்கோ வளைத்து, பூச்சிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். பூச்சியின் பார்வையில் அந்த வெளிச்சப் பரப்பு பெரிதாக இருக்கவேண்டும், சூத்திரம் அதுதான். என்னுடைய முதல் டிஃப்யூசர் ஒரு தயிர் டப்பா. பார்க்கக் கேவலமாக இருக்கும், படம் நன்றாக வந்தது.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். வேண்டிய உருப்பெருக்கத்தை வைத்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளிகிற கணத்தில் அழுத்துங்கள். பத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள். தட்டானைப் பக்கவாட்டில், அதன் உடல் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு மி.மீ.க்குள்ளேயே தலைமுதல் வால்வரை பெரும்பாலும் அடங்கிவிடும்.

அப்புறம் நேரம். உச்சிவெயிலில் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது. பெரும்பாலான பூச்சிகளுக்கு உடல் சூடேற வெளிச் சூடு வேண்டும், அதனால் விடியற்காலையில் மந்தமாக உட்கார்ந்திருக்கும். பொழுது சாயும்போதும் ஒரு வாய்ப்பு உண்டு. தனியாக வாழும் தேனீ வகைகள் சிலவற்றில் ஆண்கள் செடித்தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்கும். முதல்முறை பார்த்தபோது செத்துவிட்டதோ என்று நினைத்தேன். பகலில்தான் முடியும் என்றால், கிளம்பிய குச்சிக்கே திரும்பி வரும் பழக்கம் பல தட்டான்களுக்கு உண்டு. பின்னால் ஓடாமல் குச்சியருகே காத்திருங்கள். உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது.

ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுக்கும் வழி ஒன்றைச் சிலர் சொல்வார்கள். நான் செய்வதில்லை. கால்கள் மடங்கிக் கிடக்கும் விதத்திலேயே அது படத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில், செடியின் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி அப்பிய ஒரு செடியைத் தேடுங்கள். அசுவினி பெரும்பாலும் நகராது, ஆசை தீர ஃபோகஸ் பழகலாம். அது வெளியேற்றும் இனிப்புத் துளிக்காக எறும்பு வரும், அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். நான் ஒரு மாதம் அப்படி ஒரே செடியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.