அட்டைப்பெட்டிக்கும் மரியாதை உண்டு! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், பையன் பிறந்தநாளுக்கு 2,500 ரூபாய்ல ரிமோட் கார் வாங்கினோம். அவன் காரை ஓரமா தள்ளிட்டு அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ள உக்காந்து விளையாடறான். வீட்டுக்காரர் செம கடுப்புல இருக்கார். அமெரிக்காவுல அட்டைப்பெட்டிய மியூசியத்துல வெச்சு மரியாதை பண்றாங்கன்னு தங்கச்சி சொல்றா. நெஜமா, இல்ல அடிச்சு விடறாளா? – வாசகி, ஈரோடு

பதில்: நெஜம்தாம்மா. நியூயார்க் மாகாணத்துல ராச்செஸ்டர்னு ஒரு ஊர், கோடாக் கேமரா கம்பெனி பொறந்த ஊரு, அங்க 'தி ஸ்ட்ராங்'னு விளையாட்டுக்குன்னே ஒரு பெரிய மியூசியம் இருக்கு. மார்கரெட் உட்பரி ஸ்ட்ராங்னு ஒரு அம்மா சேர்த்த பொம்மைங்கதான் அதுக்கு ஆரம்பம். அவங்க அப்பா கோடாக்ல பணம் போட்டவர், காசுக்குப் பஞ்சமில்ல. சின்ன வயசுல அப்பா அம்மாவோட ஜப்பான், ஐரோப்பான்னு சுத்தும்போது அவங்க கையில ஒரு குட்டிப் பை குடுத்துருவாங்களாம், வழியில வாங்கறது எல்லாம் அதுக்குள்ளதான் போகணும், அதனாலதான் சின்னச் சின்ன சாமான் மேல ஆசை வந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அந்தப் பை கடைசியில 20,000 பொம்மைக்கு மேல போய் நின்னுச்சு! 1969ல அவங்க காலமானாங்க, 1982ல மியூசியம் திறந்தாங்க.

அங்கதான் 'டாய் ஹால் ஆஃப் ஃபேம்', அதாவது பேர் வாங்கின பொம்மைங்களுக்கு மரியாதை பண்ற புகழ் மண்டபம், இருக்கு. 1998ல ஓரிகன் மாகாணத்துல ஆரம்பிச்சது, 2002ல இங்க வந்துச்சு. வருஷா வருஷம் சில பொம்மைங்களைத் தேர்ந்தெடுப்பாங்க, ஒரு சீசன் ஓடிட்டு அடுத்த சீசன்ல காணாமப் போறதெல்லாம் தேறாது, தலைமுறை தாண்டி நிக்கணும். முதல் வருஷமே பார்பி, லெகோவோட நம்ம கோலிக்குண்டும் உள்ள போயிடுச்சு. 2005ல உங்க பையனோட அட்டைப்பெட்டி. 2008ல குச்சி, ஆமா வெறும் குச்சி, மரத்துல இருந்து விழுமே அதேதான். 2021ல மணல்.

நான் சின்னப்பையனா இருந்தப்ப பக்கத்து வீட்டுக்கு டிவி வந்த பெட்டிய நாலு பேர் சேர்ந்து கெஞ்சி வாங்கி, அடியைக் கிழிச்சு, உள்ள நின்னு தூக்கிக்கிட்டு ஓடி பஸ் விட்டோம், கண்டக்டர் யாருங்கறதுல பெரிய சண்டை. மழை வந்து பஸ் கூழாச்சு. வீட்டுக்காரர்கிட்ட 2005ன்னு வருஷத்தோட சொல்லுங்க. காரை எடுத்து வைங்க, பெட்டி கிழிஞ்சதும் தேடுவான்.

கேள்வி: நாங்க லீவுல 'பிசினஸ்' விளையாடுவோமே, அதோட ஒரிஜினல் மோனோபொலி அங்க இருக்கா? யார் கண்டுபிடிச்சது? – வாசகர், சிவகாசி

பதில்: இருக்கு. சார்லஸ் டேரோங்கறவர் 1933 வாக்குல கையாலயே வரைஞ்ச போர்டு. நாம பார்த்த சதுரம் இல்ல, வட்டம், அதுவும் அட்டையில இல்ல, சாப்பாட்டு மேஜையில விரிக்கிற ஆயில்கிளாத்துல. வேலையில்லாத மனுஷன் வீட்டுல உக்காந்து ஒரு கேமைக் கண்டுபிடிச்சு பணக்காரர் ஆயிட்டார்னு ரொம்ப நாள் கதை ஓடுச்சு. ஆனா லிஸ்ஸி மேகிங்கற பொண்ணு 1904லயே 'லேண்ட்லார்ட்ஸ் கேம்'னு பேட்டன்ட் வாங்கியாச்சு. நிலத்தை வளைச்சுப் போட்டு வாடகை வாங்கறவன் மட்டும் எப்படிக் கொழுக்கறான், மத்தவன் எப்படி ஓட்டாண்டி ஆகறான்னு காட்டத்தான் அந்தம்மா அதைச் செஞ்சாங்க, நாம என்னடான்னா அடுத்தவனைத் திவாலாக்கறதுதான் ஜாலின்னு விளையாடறோம்!

அது கை மாறிக் கை மாறி அமெரிக்காவுல இருக்கற அட்லாண்டிக் சிட்டிங்கற ஊரோட தெருப் பேரெல்லாம் ஏறி டேரோகிட்ட வந்துச்சு. அந்த ஊருக்குப் பக்கத்துல 'மார்வென் கார்டன்ஸ்'னு ஒரு இடம், டேரோவுக்குக் கிடைச்ச போர்டுல 'மார்வின்'னு தப்பா எழுதியிருந்துச்சு, அவர் தப்போட சேர்த்தே காப்பி அடிச்சுட்டார், பரீட்சையில முன்னாடி பெஞ்சைப் பார்த்து எழுதின மாதிரி. 1935ல மோனோபொலியை வித்த பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மேகிகிட்ட பேட்டன்ட்டை வாங்கிக்கிச்சு, குடுத்தது 500 டாலர். எனக்கு இன்னும் ஆறல.

கேள்வி: இந்தியாவுல இப்படி எதுவும் இல்லையா? – வாசகி, காரைக்குடி

பதில்: டெல்லி நேரு ஹவுஸ்ல சங்கர் பொம்மை மியூசியம் இருக்கு. கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965ல தொடங்கினது. அவர் நடத்தின குழந்தைகள் போட்டிக்குப் பரிசா ஹங்கேரி தூதர் ஒரு பொம்மை குடுத்தார், அதுல ஆரம்பிச்ச கிறுக்குதான் எல்லாம். பல நாட்டு பொம்மைங்க, கதகளி வேஷம் மாதிரி நம்ம ஊர் பொம்மைங்களும் வரிசையா நிக்கும். ஆனா எல்லாம் கண்ணாடிக்குள்ள, தொட முடியாது, துறுதுறுன்னு இருக்கற பசங்களோட போனா கையைப் பிடிச்சுக்கணும். திங்கக்கிழமை லீவு.